திராவகமும் வெளுத்துப்போன தாலியும்

கோலார் தங்க வயலில் நான் வேலை பார்த்த காலத்தில் அங்கே எத்தனை சாதி இருந்தது என்று ஜனத்தொகை எடுக்க வந்தவர்களுக்கே கடைசிவரை பிடிபடவில்லை. திராவகம் என்று எல்லோரும் அழைத்த மனிதருக்கு மட்டும் உலகத்தில் சாதி இரண்டுதான். ஒன்று வேஷம், மற்றது பிறவி. கண்ணில் பட்ட எந்தப் பொருளையும் இரண்டில் ஒன்றில் சேர்த்துவிடுவார். சேர்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் கணக்கு இது. ஒரு பொருள் உருகலாம், உறையலாம், நொறுங்கலாம், தண்ணீரில் கரையலாம். ஆனாலும் அது அதே பொருள்தான். கூத்தில் ராஜாவாக ஆடியவர் விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி. அது வேஷம். விறகு சாம்பலாவதும் பால் தயிராவதும் அப்படியில்லை. அங்கே பழைய ஆள் போய்விட்டார், இருப்பவர் வேறு ஆள். அது பிறவி.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் ஒரு சுரங்கத்தின் மில் ஆபீசில் குமாஸ்தா. சுவருக்கு அந்தப் பக்கம் அஸே ஆபீஸ். கீழேயிருந்து வருகிற கல்லில் தங்கம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்கிற அறை. அங்கே உலை முன்னால் நிற்பதும், திராவகத்தில் வெள்ளியைக் கரைத்துத் தங்கத்தைத் தனியே எடுப்பதும் அவர் வேலை. விரல்கள் பழுத்த வாழையிலை நிறத்தில் இருக்கும். கோட்டில் துணியைவிட ஓட்டை அதிகம். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அறைக்குள்ளேயே இந்த வேலையை வைத்துக்கொண்டிருந்தால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. அவர் வெளியே வந்துவிடுவார்.

நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பால் ஊற்றிய அம்மாளிடம் ஒரு நாள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சண்டைக்குப் போனார்கள். பாலில் தண்ணீர். அந்த வழியாகப் போன திராவகத்தை நியாயம் கேட்டார்கள். செம்பை வாங்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் சேர்ந்ததால் பால் பாலாக இல்லாமல் போய்விடவில்லை, இது வெறும் வேஷம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பால்கார அம்மாளுக்கு அது போதும். அதன்பிறகு யார் குறை சொன்னாலும், "தங்கத்தையே பாத்துச் சொல்ற ஐயா என் பாலையும் பாத்துச் சொல்லிட்டாரு, நீ இன்னா கண்டுட்ட?" என்று கேட்டாள். அந்த வருஷம் முழுவதும் நாங்கள் நீலநிறத்தில் காபி குடித்தோம்.

துரையின் பங்களாவுக்கு பெங்களூரிலிருந்து மரத்தூளில் பொதிந்து ஐஸ் வரும். ஒரு கோடைக்காலத்தில் ரயில் தாமதமாகி, கூலியாள் ஈரச்சாக்கை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பட்லர் அவனை அடிக்கவே போய்விட்டார். நடுவில் புகுந்த திராவகம், ஒரு பொட்டு பொருளும் கெட்டுப்போகவில்லை, கட்டியாக இருந்தது தண்ணீராக வேஷம் மாறியிருக்கிறது, மறுபடி குளிரவைத்தால் பழைய ஐஸ் என்று கூலியாளுக்காக வாதாடினார். பட்லர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் தொரைகிட்டப் போயி, வேஷத்த க்ளாஸ்ல ஊத்திருக்கேன் குடிங்கன்னு சொல்லட்டுமா?" என்றார். திராவகம் அதில் தப்பு எதையும் காணவில்லை. சொல்லலாம் என்றார்.

துருப்பிடித்த ஆணிகளை விநியோகித்த ஸ்டோர்காரரிடம், நீங்கள் கொடுப்பது ஆணி அல்ல, ஆணி செத்துப் பிறந்த வேறு ஒன்று என்று ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறார். ஒரு சாவு வீட்டில், புதைக்கிறதா எரிக்கிறதா என்று உறவினர்கள் மோதிக்கொண்டபோது, இரண்டும் பிறவிதான், ஒன்று மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லி, மோதிக்கொண்ட இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாகச் சேர்த்துத் தம்மேல் பாயவைத்தார். சமாதானம் செய்துவைத்ததாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வந்த பெரிய சோதனை சயனைடு. மில்லில் தங்கம் எடுத்தபிறகு மிஞ்சுகிற மணலை அதுவரை குவியலாகக் கொட்டிவைத்திருந்தார்கள். புதிதாக வந்த ஆலையில் அந்த மணல்மேல் சயனைடு கலந்த தண்ணீரைவிட்டார்கள். மணலில் ஒளிந்திருந்த தங்கம் அந்தத் தண்ணீரில் கரைந்துபோயிற்று. பிறகு அந்தத் தண்ணீரைத் துத்தநாகச் சுருள்கள் நிரப்பிய பெட்டிகள் வழியே ஓட்டினார்கள். தங்கம் கறுப்புச் சேறாகப் படிந்தது. உருக்கினால் கட்டித் தங்கம்.

அதுவரை திராவகம் ஊரெல்லாம் சொல்லிவந்தது, திரும்பி வந்தால் வேஷம், வராவிட்டால் பிறவி என்று. மில்லில் வேலை செய்த முனுசாமிதான் அவரை மடக்கினான். சயனைடில் போனது பிறவி என்கிறீர்களே, பிறவி எடுத்தது எப்படித் திரும்பிவந்தது என்று கேட்டான். திராவகம் உலைக்குத் திரும்பிப் போனார். அப்புறம் சில நாள் எதையும் எதிலும் சேர்க்காமல் நடமாடினார். காய்ச்சலாக இருக்கும் என்று நாங்கள் கவலைப்பட்டோம். ஒரு காலையில் மில் வாசலில் முனுசாமியை நிறுத்தினார்.

"திரும்பி வருதா வரலியான்றது கேள்வியே இல்ல. நடுவுல அது இன்னாவா இருந்துச்சு, அதான் கேள்வி. உப்பு தண்ணியில கரைஞ்சிருக்கிறப்பவும் உப்புதான். நாக்குல வெச்சா தெரியுது. சயனைட் தண்ணியில கீறது தங்கம் இல்ல. தங்கம் வேற ஒண்ணோட சேந்து பொறந்த புது ஆளு."

"அதையும் நாக்குல வெச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்திருந்தா உங்கிட்ட நின்னு பேசிக்கினு இருப்பேனா?"

இந்த முனுசாமியின் தங்கை கல்யாணத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

முனுசாமிக்கு மில்லில் தகட்டு வேலை. தாமிரத் தகடுகளில் பாதரசம் பூசிவைத்திருப்பார்கள். இடித்த கல்லின் சேறு அதன்மேல் ஓடும்போது தங்கத் துணுக்குகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் தங்கும். தகட்டு வேலைக்காரர்கள் மோதிரம் போட்டுக்கொண்டு மில்லுக்கு வரமாட்டார்கள். பாதரசம் பட்டால் தங்கம் ஈயம்போல் வெளுத்துவிடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் தெரியும். நகக்கண்ணில் ஒட்டிய பாதரசம்கூட கேட்டுக்கு வெளியே போகக்கூடாது. போனது தெரிந்தால் வேலை இல்லை.

தங்கை பெயர் கன்னியம்மா. மாப்பிள்ளை குடியாத்தம். மாப்பிள்ளையின் அப்பா செக்கு வைத்திருந்தார். வந்து இறங்கியது முதல் அவர் பேச்சு தாலியைப் பற்றியே. எங்கள் ஊர் பத்தர் செய்தது, பத்தரை மாற்று, தங்க வயலில் இருக்கிற நீங்கள்கூட இப்படித் தங்கம் பார்த்திருக்கமாட்டீர்கள் என்றார். பத்து பேரிடம் சொல்லி முடித்துவிட்டுப் பதினோராவதாக என்னிடமும் சொன்னார்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை காலை. லைனில் இரண்டு வீட்டு வாசலைச் சேர்த்துப் பந்தல். தகடு சுரண்டும் ஷிப்டு அன்று காலைதான் முடிந்தது. முனுசாமியின் கூட்டாளிகள் மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நேராகப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முகூர்த்தம் நெருங்கியது. மஞ்சள் அரிசி பரப்பிய தட்டில் தாலியை வைத்துப் புரோகிதர் சபைக்கு அனுப்பினார். வந்தவர்கள் தொட்டு ஆசீர்வதித்துக் கொடுக்கவேண்டும். வேறு ஊரில் என்றால் விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எங்கள் மில்காரர்களுக்கு அது வராது. தங்கம் கைக்கு வந்தால் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளங்கையில் எடைபார்த்து, அப்புறம்தான் மறுபடி வைப்பார்கள். வரிசை முழுவதும் அன்று அப்படித்தான் ஆசீர்வாதம் நடந்தது. என் கைக்கு வருகிறபோதே தாலியின் ஓரம் ஒரு மாதிரி இருந்தது. தட்டு சுற்றி முடித்துப் புரோகிதரிடம் போய்ச் சேர்ந்தபோது தாலி முழு வெள்ளை.

புரோகிதர் அதை எடுத்த கை அப்படியே நின்றது. மேளம் அடித்தவர் எதற்காக நிறுத்துகிறோம் என்று தெரியாமலே நிறுத்தினார்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினாள். "வெள்ளையாப் பூட்சே," என்றாள் மெதுவாக. அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று பந்தலில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

செக்குக்காரருக்கு அர்த்தம் வேறு. தங்க வயல்காரர்கள் கைவேலையைக் காட்டிவிட்டார்கள், நல்ல தாலியை எடுத்துக்கொண்டு ஈயத்தை வைத்துவிட்டார்கள் என்றார். முனுசாமி விடவில்லை. நீ கொண்டுவந்ததே ஈயம், மேலே பூச்சு பூசிக் கொண்டுவந்தாய், பூச்சு போய்விட்டது என்று திருப்பினான். உண்மை என்ன என்று அவனுக்குத் தெரியும். பாதரசம் என்று வாயைத் திறந்தால், மில்லில் பாதிப் பேருக்கு வேலை போகும். அவனுக்கும் சேர்த்து.

நான் சபையைப் பார்த்தேன். ஒரு கையும் காணோம். நல்ல வெயிலில், அத்தனை பேரும் குளிர்காலம் வந்துவிட்டதுபோலக் கைகளைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

செக்குக்காரர் மகனை எழுந்திரு என்றார். மாப்பிள்ளை பாதி எழுந்தார். மீதிப் பாதி கன்னியம்மாவைப் பார்த்தபடி மணையிலேயே இருந்தது. கன்னியம்மா யாரையும் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலில் இருந்து எழுந்துபோன மாப்பிள்ளைக்கு வேறு பெண் கிடைக்கும். வெளுத்த தாலியோடு உட்கார்ந்திருந்த பெண்ணைக் கேட்டு அப்புறம் யார் வருவார்கள்?

இவ்வளவு நேரமும் திராவகம் சமையல் பக்கம் இருந்தார். நெய் உருகுவது வேஷம், அரிசி சோறாவது பிறவி என்று சமையல்காரருக்கு அவர் வேலையையே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்தார். யாரையும் கேட்காமல் தாலியை எடுத்துப் பார்த்தார். தகட்டுக்காரர்கள் எல்லோரும் கண்ணாலேயே அவரைக் கும்பிட்டார்கள். அவர் அதைப் பார்க்கிற ஆள் இல்லை.

"பாதரசம்," என்றார்.

துண்டுகளுக்குள் இருந்த கைகள் இன்னும் உள்ளே போயின.

"ஈயமும் இல்ல, பூச்சும் இல்ல. தங்கம் உள்ளதான் கீது. பாதரசம் மேல ஏறி உக்காந்துக்கினு கீது. வேஷம்."

"பாதரசம் எப்பிடிய்யா வந்துச்சு?" என்றார் செக்குக்காரர்.

திராவகம் அவரைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த மில்காரர்களையும் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஆசீர்வாதத்தோட வந்துச்சு," என்றார்.

அது பொய்யில்லை. குடியாத்தத்துக்காரர்களுக்குப் புரியவுமில்லை. தகட்டுக்காரர்கள் மூச்சுவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா லேசில் விடுகிறவள் இல்லை. வெள்ளைச் சேலையும் வேஷம்தானா, கழற்றினால் போய்விடுமா என்று கேட்டாள். திராவகம் ஆரத்தித் தட்டைக் காட்டினார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்திருக்கிறதே, அது பிறவி, அதற்குள் இருப்பது பழைய மஞ்சள் இல்லை என்றார். தாலி அப்படியில்லை, பாதரசத்துக்கு நடுவிலும் தங்கம் தங்கமாகவே உட்கார்ந்திருக்கிறது, நெருப்பில் காட்டினால் பாதரசம் எழுந்து போய்விடும் என்றார்.

நெருப்பு என்றதும் பந்தலே எழுந்துவிட்டது. தாலியை நெருப்பில் போடுவதா? புரோகிதர் தமக்குத் தெரிந்த சாஸ்திரத்தை எல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்றார்.

அப்போது கன்னியம்மா தலையைத் தூக்கினாள்.

"நாங்க ரெண்டு பேரும் நெருப்பச் சுத்தி வரலாம், தாலி நெருப்பப் பாக்கக் கூடாதா? காட்டட்டும்."

கல்யாணப் பெண் பேசுவதே தப்பு. பேசிவிட்டாள். புரோகிதர் செக்குக்காரரைப் பார்த்தார், செக்குக்காரர் புரோகிதரைப் பார்த்தார். அந்த இடைவெளியில் திராவகம் தாலியைக் கயிற்றிலிருந்து கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் வேலை செய்யும்போது பார்க்கவேண்டும். சமையல் பாத்திரங்களை எல்லாம் மூடச் சொன்னார். ஒரு பிடி சாம்பலைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். பாதரசப் புகை ஆளைக் கொல்லும் என்று சொல்லி எல்லோரையும் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிறுத்தினார். வேட்டி நுனியை மூக்கில் கட்டிக்கொண்டார். செங்கல்மேல் கரித்துண்டு, கரியின்மேல் தாலி. கோட்டுப் பையிலிருந்து ஊதுகுழலை எடுத்தார். கல்யாணத்துக்கு வரும்போது ஊதுகுழல் எதற்கு என்று கேட்காதீர்கள். அவர் கோயிலுக்கும் அதை எடுத்துக்கொண்டுதான் போவார்.

முனுசாமியும் செக்குக்காரரும் நானும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றோம். வெள்ளை மங்கியது. ஓரத்திலிருந்து விலகிப் போயிற்று. மஞ்சள் தெரியும் என்று எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள். தெரிந்தது கறுப்பு.

பின்னாலிருந்து ஒரு முனகல் எழுந்தது. வெள்ளையாவது தேவலை என்று யாரோ சொன்னார்கள்.

திராவகம் ஊதுவதை நிறுத்தினார். கறுத்த தாலியைக் குனிந்து பார்த்தார். பத்தரை மாற்றுத் தங்கம் நெருப்பில் கறுக்காது. கறுப்பது செம்பு. சூட்டில் காற்றோடு சேர்ந்து கறுப்பாக மாறுகிற செம்பு. அந்த அளவுக்குக் கறுக்கவேண்டுமானால் அதில் கொஞ்சநஞ்சம் செம்பு இல்லை. மில் ஆபீசில் பேனா பிடித்த எனக்கே அது தெரிந்தது. முனுசாமிக்குத் தெரியாமல் இருக்குமா? செக்குக்காரருக்கும் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் எண்ணெய் வடிந்தது. தெரிந்தே கொண்டுவந்தாரா, பத்தர் ஏமாற்றினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முனுசாமி குரலைத் தாழ்த்தினான். "எவ்ளோண்ணே செம்பு?"

இப்போது எழுந்து போகவேண்டியது பெண் வீட்டார் முறை. ஒரு சொல் போதும். ஈயம் என்று பேசின வாய்க்கு முனுசாமி பதில் சொல்லக் காத்திருந்தான். அந்தச் சொல்லை வாழ்நாளில் யாருக்கும் மறுக்காத மனிதரிடம்தான் கேட்டிருந்தான். அந்த நிறத்தைப் பார்த்து ஏறக்குறைய எவ்வளவு செம்பு என்று அவரால் சொல்லமுடியும்.

திராவகம் நிமிர்ந்து பந்தல் பக்கம் பார்த்தார். கன்னியம்மா மணையை விட்டு எழுந்து பந்தல் கால் ஓரம் வந்து நின்றிருந்தாள். மாப்பிள்ளையும் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். இந்த முறை முழுதாக.

"இது இன்னா, வேஷமா பிறவியா?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

"புகை," என்றார் திராவகம். "கரிப்புகை பட்டுக்கிச்சு. புளி கொண்டாங்க."

"அண்ணே, நான் கேட்டது..."

"தாலிக்கு அஸே கெடையாதுப்பா. முகூர்த்தம் போவுது, வழிய வுடு."

ஆறவைத்தார். புளியையும் சாம்பலையும் போட்டுத் தம் மஞ்சள் விரல்களால் வெகுநேரம் தேய்த்தார். கறுப்பு போயிற்று. கழுவி எடுத்தபோது தாலி மஞ்சளாக இருந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் மஞ்சள். இந்த முறை அதைச் சபைக்கு அனுப்பவேண்டாம் என்று புரோகிதரே சொல்லிவிட்டார். மில்காரர்கள் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாயால் வாழ்த்தினார்கள். அட்சதை போடவும் கையை எடுக்கவில்லை. அதையும் பெண்களே போட்டார்கள்.

பந்தியில் சமையல்காரர் தம் பங்குக்குப் பழிவாங்கப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சொல்கிறீர்களே, கல்யாணம் இதில் எந்தச் சாதி என்று திராவகத்தைக் கேட்டார்.

"பொண்ணுக்குப் பிறவி. மாப்ளைக்கு வேஷம்," என்றார் அவர், இலையிலிருந்து தலையை எடுக்காமல்.

மாப்பிள்ளையின் அம்மா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். செக்குக்காரர் சிரிக்கவில்லை. அவர் பரிமாறுகிறவரிடமிருந்து பாயச வாளியை வாங்கி, திராவகத்தின் இலைக்கு முன்னால் குனிந்து, போதும் போதும் என்று அவர் சொல்கிறவரை ஊற்றினார். சொன்ன பிறகும் ஊற்றினார்.

முனுசாமி கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. அடுத்த வருஷம் கன்னியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அஸே ஆபீஸ் வாசலுக்குப் போனவனும் முனுசாமிதான். திராவகம் குழந்தையை உற்றுப் பார்த்தார். வெளியே வந்து எங்களிடம், பிறவி என்று மட்டும் சொன்னார்.

நான் அந்த ஊரைவிட்டுப் பத்திரிகை வேலைக்குக் கிளம்பிய சமயம், இனி யாருக்கும் இதனால் கெடுதல் இல்லை என்ற தைரியத்தில் அவரைத் தனியாகக் கேட்டேன். சுரங்கத்தின் எந்த ஷாப்டில், எந்த லெவலில், எந்தக் கல்லில் எவ்வளவு தங்கம் வந்தது என்று பல வருஷத்துக் கணக்கைக் கண்ணைமூடிக்கொண்டு ஒப்பிக்கிற மனிதர். குடியாத்தத்துக்காரர் தாலியில் செம்பு எவ்வளவு இருந்திருக்கும் என்றேன்.

அவர் உலையில் கரியைத் தள்ளிக்கொண்டே, "எந்தத் தாலி?" என்றார்.

செய்தி சேகரிக்கிற தொழிலில், ஞாபகம் உள்ள மனிதர்களை நிறையச் சந்தித்துவிட்டேன். இப்படி மறக்கத் தெரிந்தவரை இன்னும் சந்திக்கவில்லை.